இரட்டைச் சைக்கிளின் முன் இருக்கை

அந்தச் சைக்கிளின் பெடலில் முழங்காலை இடித்துக்கொள்ளாதவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கும் நீளச் சைக்கிள். வாசற்கதவிலிருந்து சமையலறைக்குப் போகும் நடையில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடியது. அவர் ஆசைப்பட்டு வாங்கிய சைக்கிளோ எந்த லிஃப்டிலும் நுழையவில்லை. அதற்காகவே மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தரைத்தள வீட்டுக்குக் குடிவந்தோம். வாரம் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருகிறவன் ஞாயிற்றுக்கிழமையாவது நேராகப் போக வேண்டும் என்பார்.

அப்படிப் போக அவர் கண்டுபிடித்த இடம் ஆற்றோரப் பாதை. முன்பு ரயில் ஓடிய தடம். தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சரளை கொட்டி இறுக்கியிருந்தார்கள். கார், லாரி, பைக் எதுவும் உள்ளே வர முடியாதபடி சாலை குறுக்கிடும் இடங்களில் எல்லாம் இரும்புக் கம்பங்களை நட்டிருந்தார்கள். ஆறு வளைகிற இடத்தில் பாதையும் வளையும். இரண்டு பக்கமும் மலை நெருக்கும் பள்ளத்தாக்கில் மெல்ல இறங்கி, பிறகு புல்வெளிகளின் நடுவே விரிந்து, ஏரிக்கரையில் போய் முடியும். ஒரு ஹாரன் சத்தம் கேட்காமல் அங்கே நாள் முழுவதையும் கழித்துவிடலாம்.

அவர் முன்னால், நான் பின்னால். திருப்புவது, பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்கும் ஒரு ஹேண்டில்பார் உண்டு; ஆனால் அது திரும்பாது. பிடித்துக்கொள்ள மட்டும். என் கண்ணுக்கு நேரே அவருடைய முதுகுதான். ஆகவே அந்தப் பாதை முழுவதையும் நான் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் மரங்கள், வலது பக்கம் ஈரம் கசியும் பாறை, கண்ணாடி உடைந்த பம்ப் அறை, அதற்கப்புறம் மாடுகள். முன்னால் என்ன வருகிறது என்பதை அவர் சொல்லுவார். ‘குழி’ என்றால் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கொள்ள வேண்டும். ‘விடு’ என்றால் மிதிப்பதை நிறுத்த வேண்டும். ‘கை’ என்றால் கம்பங்களுக்கு நடுவே நுழையப் போகிறோம், முழங்கையை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். அவர் சொல்வார், நான் செய்வேன். வீட்டில் இதற்கு நேர்மாறு என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு புதன்கிழமை காலை ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் என்னை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எதிலிருந்து என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் வேலைக்குத் திரும்பினேன். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசை என்னுடையது. அங்கே பேச்சு எப்போதும் தாழ்ந்த குரலில்தான். அது எனக்கு வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நடையில் நின்ற சைக்கிளைத் துடைப்பேன். செயினுக்கு எண்ணெய் விடுவேன். ஓடாத சைக்கிளுக்கு எதற்கு இத்தனை எண்ணெய் என்று மருமகள் கேட்கவில்லை. கேட்க நினைத்தாள் என்பது தெரியும்.

மகன் நல்லவன். அவன் அப்பாவைப் போலவே எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தான். ஏரிக்கரையில் படகு வீட்டை ஒட்டி ஒரு சைக்கிள் மன்றம் இருக்கிறதாம். இந்த மாதிரிச் சைக்கிள் கிடைத்தால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம். பேசிவிட்டானாம். நடையும் காலியாகும் என்றான். வேண்டாம் என்றேன். அப்படியானால் யார் ஓட்டுவது என்று கேட்டான். நான் என்றேன்.

“அம்மா, நீ முன்னாடி உக்காந்ததே இல்லையேம்மா.”

“உங்கப்பாவும் ஒரு நாள் மொதல் தடவையா உக்காந்தவர்தான்.”

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். முழங்கால் இடிபடுவதோ நடை அடைபடுவதோ அவனுக்குப் பிரச்சினை இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பா அன்று தரையில் கிடந்ததைக் கண்டவன் அவன். இன்னொருவரை எங்கேயாவது தரையிலிருந்து தூக்க வேண்டி வருமோ என்ற பயம் அவன் முகத்தில் அன்றிலிருந்து இருந்தது. கடைசியில் ஒரு வழிக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிளிலேயே ஏரி வரை போக வேண்டும், அதிலேயே வீட்டுக்குத் திரும்பியும் வர வேண்டும். முடிந்தால் சைக்கிள் நடையிலேயே இருக்கட்டும், அவன் வாயைத் திறக்க மாட்டான். முடியவில்லை என்றால் அது மன்றத்துக்குப் போய்விடும், நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றேன். இரண்டு பேருமே ஏதோ தப்பாகப் பேரம் பேசிவிட்டது போல எழுந்து போனோம்.

பின்னால் உட்கார ஆள் வேண்டுமே. என் நாத்தனார் வந்தாள். அவருக்குத் தங்கை. பஸ் கண்டக்டர். குடும்பத்தில் அவளுக்கு ‘விசில்’ என்று பெயர். சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கூட்டத்தில் மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் கடைசிப் படியிலிருந்து குரல் கொடுத்து டிரைவரை நிறுத்தவும் கிளப்பவும் செய்கிறவள். நான் போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஞாயிறு என்று மட்டும் கேட்டாள்.

முன் இருக்கை அவர் உயரத்துக்கு இருந்தது. நான்கு விரல் இறக்கினேன். அந்தத் திருகாணியைத் தளர்த்தத்தான் அன்றைக்கு எனக்கு நிறைய நேரம் பிடித்தது; துரு ஒன்றும் இல்லை.

பஸ் பணிமனைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பழகினோம். ஷிஃப்ட் முடிந்த டிரைவர்கள் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்டக்டரை நம்பி வண்டியை எடுக்காதீர்கள் அக்கா, நாங்கள் அனுபவப்பட்டவர்கள் என்றார் ஒருவர். இத்தனை வருஷம் உங்களைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வந்ததே நான்தான் என்றாள் விசில். சைக்கிள் கோணல்மாணலாகப் போயிற்று. ஆனால் போயிற்று.

அந்த ஞாயிறு வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டோம். பழைய ரயில் நிலையத்துக் கொட்டகையைத் தாண்டியதும் முதல் கம்பங்கள். எத்தனையோ தடவை அவற்றுக்கு நடுவே போயிருக்கிறேன். எதிரே வருவதாக அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு குறுகலா என்று திகைப்பாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகச் செலுத்தினேன். நுழைந்துவிட்டோம். நான் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு முனகல். கம்பம் விசிலின் முழங்கையை உரசிவிட்டிருந்தது.

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணி?”

சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தச் சைக்கிளில் சொல்லுவது என் வேலையாக இருந்ததே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். இனி சொல்கிறேன் என்றேன். அதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்லியிருக்க வேண்டும். என்னது, என்னது என்று இரண்டு தடவை கேட்டாள்.

பள்ளத்தாக்கு தொடங்கியது. முன்னால் இருந்து பார்த்தால் அது வேறு பாதை. நான் ஆற்றங்கரை என்று நினைத்திருந்தது ஒரு நீண்ட வாசல் போல் இருந்தது. இரண்டு மலைகளும் மெல்ல விலகி வழிவிடுகின்றன, நாம் நெருங்க நெருங்க அப்பால் இன்னொரு ஜோடி மலை. வெள்ளைச் சரளை முன்னால் ஓடி வளைவில் மறைகிறது. இதைத்தான் அவர் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று நினைத்தேன். நான் இதைப் பார்த்ததில்லை என்பது அவருக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் இடம் மாறி உட்காரச் சொல்லியிருப்பார். நான் மறுத்திருப்பேன்.

இப்படி நினைத்துக்கொண்டே இரண்டு குழிகளில் சொல்லாமல் இறக்கினேன். விசில் இரண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள். மிதிப்பதில் அவள் குறை வைக்கவில்லை. ஆனால் நான் மிதிப்பதை நிறுத்தும்போது அவளுக்குத் தெரியாது. பெடல்கள் இரண்டு ஜோடியும் ஒரே செயினில் பிணைந்தவை என்பதால் அவள் கால் வெடுக்கென்று இழுபடும். வாய் சும்மா இருக்காதவள் வேறு. நான் சொல்லாததை எல்லாம் அவளே சொல்ல ஆரம்பித்தாள். தனக்குத் தெரியும் பக்கவாட்டை வைத்துக்கொண்டு மரம், கல், மாடு என்று ஒவ்வொன்றாக அறிவித்தாள்.

பம்ப் அறையைத் தாண்டி ஒரு இறக்கம். சைக்கிள் தானாக வேகம் பிடித்தது. ஆற்றோரம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“ஹோல்டான்,” என்றாள் விசில்.

கை தூக்கியவரைக் கண்டால் வண்டியை நிறுத்துவது அவளுக்கு மூச்சு விடுவது போல. அந்தச் சைக்கிளில் ஒரு குரல் கேட்டால் யோசிக்காமல் கீழ்ப்படிவது எனக்கும் அப்படித்தான். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக இறுக்கினேன். உதிரிச் சரளையில் முன் சக்கரம் ஒரு பக்கமாக ஓடியது. விழுந்தோம்.

தூண்டில்காரர் ஓடி வந்தார். பெரியவர். நான் சும்மா கையை ஆட்டினேன், தெரியாமல் ஆட்டிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களைத் தூக்குவதா, சைக்கிளைத் தூக்குவதா என்று தெரியாமல் தம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளங்கை இரண்டிலும் தோல் வழன்றிருந்தது. விசிலின் முழங்காலில் ரத்தம். சைக்கிளுக்கு ஒன்றுமில்லை, ஹேண்டில்பார் மட்டும் கொஞ்சம் கோணி இருந்தது. முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே பிடித்து அதை நேராக்கினேன். அவர் செய்து பார்த்திருக்கிறேன்.

சாலை குறுக்கிடும் இடம் பக்கத்தில்தான் இருந்தது. போன் செய்தால் மகன் வேன் கொண்டு வந்துவிடுவான். பெரியவரும் அதைத்தான் சொன்னார். விசில் ஆற்றில் கைக்குட்டையை நனைத்து முழங்காலில் கட்டிக்கொண்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போதும், நீ வேனில் போ, நான் தள்ளிக்கொண்டே போகிறேன் என்றேன். எதுவரைக்கும் தள்ளுவீர்கள் என்று கேட்டாள். ஏரி வரைக்கும் என்றேன். தள்ளிக்கொண்டு போனால் மகனோடு பேசிய பேச்சில் சேர்த்தியா என்று கேட்டாள்.

அவள் சைக்கிளின் பின் இருக்கையில் கையை வைத்தாள்.

“ஒரு தடவை அண்ணன்கிட்ட கேட்டேன் அண்ணி, என்னையும் பின்னாடி ஏத்திட்டுப் போயேன்னு. அது உங்க அண்ணி சீட்டுன்னு சொல்லிட்டாரு. எனக்கு அப்ப கோவம்தான்.” கைக்குட்டையை இன்னொரு முடிச்சு இறுக்கினாள். “இப்பதான் ஏறியிருக்கேன். எறங்கச் சொல்லாதீங்க. ஆனா நீங்க பேசணும். உங்க முதுகப் பாத்துக்கிட்டு ஊமையா வர என்னால முடியாது. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன், அப்புறம் ரெண்டு பேரும் ஆத்துலதான்.”

எத்தனை வருஷம் அந்த இடத்திலிருந்து ஒரு முதுகைப் பார்த்தவள் நான். எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை. அந்த முதுகு பேசிக்கொண்டே இருந்ததனால்தான் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்தால் மட்டும் முன்னால் உட்கார்ந்ததாக ஆகாது.

ஏறினோம். பெரியவர் இந்தத் தடவை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வழியனுப்பினார்.

முதல் குழியைக் கண்டதும் ‘குழி’ என்றேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். நூலகத்துக்கு அது கேட்கும், எனக்குக் கேட்காது என்றாள். மூன்றாவது குழியில் வயிற்றிலிருந்து எடுத்துச் சொன்னேன். புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இத்தனை சத்தம் என்னிடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. விடு என்றேன், மிதி என்றேன், கை என்றேன். கம்பங்களுக்கு நடுவே எதுவும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போனோம். உள்ளங்கை எரிந்தது. ஒவ்வொரு அதிர்விலும் எரிந்தது. பிடியை விடவில்லை.

புல்வெளி விரிய விரியக் காற்று எதிரே வந்தது. அவர் இருந்தபோது அந்தக் காற்று எனக்கு வந்ததே இல்லை. முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு மிதி என்றேன். விசில் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு மிதித்தாள். அவள் வலது கால் வலுவிழந்து வருவதைப் பெடலில் உணர்ந்தேன். இடது காலால் அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தாள். நிற்கலாமா என்று கேட்டேன். ஸ்டாப்பிங் வரட்டும் என்றாள்.

பாதை கடைசியாக ஒரு தடவை வளைந்தது. எதிரே ஏரி. பக்கவாட்டில் துண்டு துண்டாகக் கண்ட தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணில் வந்து நிறைந்தது. நாணலுக்கு அப்பால் அக்கரை மலைகள் தலைகீழாகக் கிடந்தன. ‘ஏரி’ என்று கத்தினேன். அது அவருடைய சொற்களில் இல்லாத சொல்.

மகன் படகு வீட்டின் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். மருமகளும் வந்திருந்தாள். எங்களைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. விசில் இறங்கி நொண்டியதைப் பார்த்ததும் மாறியது. கைக்குட்டையை அவிழ்த்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். தண்ணீர் கொடுத்தான், மருந்து போட்டான், அத்தையை வேனில் உட்காரவைத்தான். எல்லாவற்றையும் அவன் அப்பாவைப் போலப் பொறுமையாகச் செய்தான். பிறகு சைக்கிளின் நடுக்கம்பியைப் பிடித்து மன்றத்துப் பக்கமாகத் திருப்பப் போனான்.

நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, போதும்மா. நீ வந்துட்ட, ஒத்துக்கறேன். ஆனா அத்தையால இனிமே மிதிக்க முடியாது.”

“தெரியும்.”

“அப்புறம் எப்படித் திரும்பிப் போவே?”

“நீ ஏறு.”

அவன் என்னைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். வேனை நான் ஓட்டுகிறேன் என்று மருமகள் ஏற்கெனவே சாவிக்குக் கையை நீட்டியிருந்தாள். தனக்குச் சைக்கிள் பழக்கமே இல்லையென்றான், பேண்ட் செயினில் மாட்டும் என்றான், நாங்கள் விழுந்ததைப் போல மறுபடி விழுந்தால் என்ன செய்வது என்றான். கடைசியாகச் சொன்னதில்தான் அவன் குரல் உடைந்தது. வேன் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த விசில், ஆள் ஏறாமல் வண்டி எத்தனை நேரம் நிற்கும் என்று கேட்டாள்.

“விழுந்தா எழுந்திரிப்போம்டா,” என்றேன். “இன்னிக்கு விழுந்துதான் வந்திருக்கேன். நல்லா பாத்துக்கோ, நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

அவன் குனிந்து பேண்டைச் சாக்ஸுக்குள் திணித்தான். திணித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிமிராமலேயே இருந்தான். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு நிமிர்ந்தான். பின் இருக்கையில் ஏறி அந்தத் திரும்பாத ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தான்.

“இது திரும்பலையே.”

“திரும்பாது.”

“எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலம்மா.”

“சைடுல பாரு. முன்னாடி நான் பாத்துக்கறேன்.”

மிதி என்றேன். சைக்கிள் தள்ளாடிக் கிளம்பியது. அவன் கனம் விசிலைவிட அதிகம். கைகளில் ஒரு புது இழுப்பு. திரும்பும் வழி முழுக்க ஏற்றம், லேசானதுதான், ஆனால் விடாத ஏற்றம். நாணல்கள் போயின, மாடுகள் போயின. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் பெடலில் அவன் கால்கள் வெறுமனே சுற்றி வந்தன. சுமையை நான்தான் இழுத்தேன். பிறகு மலைகள் நெருங்கும் இடத்தில், நான் ஒன்றும் கேட்காமலே, பின்னாலிருந்து வலு வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் சரளை வெளுத்து, வளைந்து, ஏறிக்கொண்டிருந்தது. வளைவு என்றேன், அவன் என்னோடு சேர்ந்து சாய்ந்தான்.